கத்தியின் கைப்பிடி கைக்கு இதமாக இருப்பது எதனால்

கத்தி வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் அலகைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த எஃகு, எத்தனை மில்லிமீட்டர் தடிமன், துருப்பிடிக்குமா, தீட்டிய கூர் எவ்வளவு நாள் நிற்கும் என்றெல்லாம் நுணுக்கமாக விசாரிப்பவர்கள், கைப்பிடி என்று வந்ததும் மரமா ரப்பரா என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் பச்சை மரத்தில் கரண்டி செதுக்குகிறவன். மலைப்பக்கம் முகாமுக்குப் போகும்போது சிறாய் பிளப்பது, கூடாரத்துக்கு முளை சீவுவது, கயிறு அறுப்பது, காய் நறுக்குவது என எல்லாவற்றுக்கும் ஒரே கத்தியை வைத்துக்கொள்கிறவன். மழுங்கிய அலகைச் சாணைக்கல்லில் சற்று நேரத்தில் சரிசெய்துவிடலாம். பிடி சரியில்லாத கத்தியையோ தொடர்ந்து அரை மணி நேரம் பிடித்து வேலை செய்ய முடியாது. கையை ஒரே இடத்தில் பூட்டி வைக்காமல், வேலை மாற மாறக் கையும் இடம் மாறி அமர்வதற்கு விட்டுக்கொடுக்கும் பிடியே இதமான பிடி என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

கடையில் ஒரு கத்தியை எடுத்து ஒருமுறை இறுகப் பற்றிப் பார்க்கும்போது, விரல்கள் படிவதற்கென்று நான்கு பள்ளங்கள் வெட்டிய பிடி மிகவும் நன்றாகத் தோன்றும். விரல்கள் அதனதன் இடத்தில் போய் அமர்வதால், நமக்கென்றே அளவெடுத்துச் செய்ததைப் போன்ற நிறைவு ஏற்படுகிறது. ஆனால் அந்தப் பள்ளங்களுக்கு இடையே இருக்கும் மேடுகள், அதை வடிவமைத்தவர் மனத்தில் வைத்திருந்த ஓர் அளவுக் கைக்கு மட்டுமே பொருந்துகின்றன. விரல் தடித்தவருக்கு மேடு விரலின் நடுச்சதையில் குத்தும். கை சிறுத்தவருக்கு இரண்டு விரல்கள் ஒரே பள்ளத்துக்குள் நெருக்கிக்கொள்ளும். அளவு சரியாக அமைந்தவர்களுக்கும், கத்தியைத் திருப்பிப் பிடித்த அந்தக் கணமே, விரலுக்கு இதமாக இருந்த மேடுகள் உள்ளங்கைக்குப் பகையாகிவிடும். அமெரிக்க அரசின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நயோஷ், கலிபோர்னியா மாநிலத்தின் தொழிலாளர் பாதுகாப்புத் துறையோடு சேர்ந்து 2004இல் கைக்கருவிகளைத் தேர்ந்தெடுப்பதற்கான ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. கூரான விளிம்புகளும் விரல் பள்ளங்களும் இல்லாத பிடியையே தேர்ந்தெடுங்கள் என்று அது சொல்கிறது. சுத்தியல், திருப்புளி முதலிய பொதுவான கைக்கருவிகளை முன்வைத்துச் சொன்ன அறிவுரை அது. சுத்தியலைப் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் பிடிக்கிறோம். கத்தியை அப்படிப் பிடிப்பதில்லை. ஆகவே கத்திக்கு அந்த அறிவுரை இன்னும் அழுத்தமாகப் பொருந்துகிறது.

பிரிட்டிஷ் உடற்கூற்றியலாளர் ஜான் நேப்பியர் 1956இல் மனிதக் கை பொருள்களைப் பற்றும் விதத்தை இரண்டு பெரும் பிரிவுகளாக வகுத்தார். மடங்கிய விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே பொருளை இறுக்கிக் கட்டைவிரலால் எதிரழுத்தம் கொடுப்பது விசைப்பிடி. விரல்களுக்கும் எதிர்நிற்கும் கட்டைவிரலுக்கும் இடையே பொருளை ஏந்தி நுட்பமாக அசைப்பது நுண்பிடி. சுத்தியல் முதல் வகை, பேனா இரண்டாம் வகை. வெளிவேலைக் கத்தியோ ஒரே வேலைக்குள் இரண்டுக்கும் இடையே ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கிறது.

ஒரு கரண்டி செதுக்கும் வேலையை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். கட்டையின் பருமனைக் குறைக்கும் தொடக்கக் கட்டத்தில், முஷ்டியாகப் பிடித்து, மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து விசை கொடுத்துக் கத்தியை நம்மைவிட்டு வெளியே தள்ளுகிறோம். அப்போது பிடியின் அடிப்பக்கம் நான்கு விரல்களின் வளைவிலும், மேல்பக்கம் கட்டைவிரலின் அடிச்சதையிலும் அழுந்துகிறது. அடுத்து, காம்பின் பக்கங்களைச் சமன்செய்யும்போது, கத்தியைக் கைக்குள் திருப்பி அதன் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, வெளிப்பக்கம் பார்க்க வைத்து, இரண்டு கைகளையும் நெஞ்சோடு ஒட்டி, தோள்களைப் பின்னுக்கு விரித்து வெட்டுகிறோம். இதில் சற்று முன்புவரை விரல்களில் இருந்த பக்கம் உள்ளங்கைக்குள் வந்துவிடுகிறது. பிறகு, கிண்ணப் பகுதியின் வளைவைத் திருத்தும்போது, கட்டையைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலை அலகின் முதுகில் வைத்துச் சிறு சிறு தள்ளல்களாகச் சீவுகிறோம். பிடித்திருக்கும் கைக்கு இங்கே வழிகாட்டும் வேலைதான், பிடி விரல்களில் தளர்வாக நின்றால் போதும். கடைசியாக, மாங்காய்த் தோல் சீவுவதைப் போலக் கட்டைவிரலை நோக்கி இழுத்துச் சீவும் வெட்டு வருகிறது. அதில் பிடி உள்ளங்கையைவிட்டு விலகி விரல்களின் நடுப்பகுதிக்குப் போய்விடும். இந்த நான்கையும் ஒருவர் ஒரு கரண்டிக்குள் பலமுறை மாறி மாறிச் செய்கிறார். இவற்றில் ஒன்றுக்கு மட்டும் மிகச் சிறப்பாகப் பொருந்தும் பிடி, மற்ற மூன்றுக்கும் இடைஞ்சலாகவே இருக்கும்.

அளவுக்கு வருவோம். நயோஷ் வழிகாட்டி, விசை தேவைப்படும் கருவிக்குப் பிடியின் விட்டம் ஒன்றேகால் அங்குலம் முதல் 2 அங்குலம் வரை, அதாவது சுமார் 32 முதல் 51 மி.மீ. வரை இருக்க வேண்டும் என்கிறது. நுட்ப வேலைக் கருவிக்குக் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் போதும் என்கிறது. இரண்டையும் செய்யும் கத்தி இவற்றுக்கு நடுவே எங்கோதான் நிற்க முடியும். என் கைக்கு மிகவும் பிடித்த பிடி, நடுவில் 24 மி.மீ. தடிமனும் 32 மி.மீ. உயரமும் உள்ள நீள்வட்டம். அதன் சுற்றளவு ஏறக்குறைய 88 மி.மீ., அதாவது 28 மி.மீ. விட்டமுள்ள உருளைக்குச் சமம். இந்த எண்கள் பெரிதாகத் தோன்றலாம். சந்தையில் கிடைக்கும் பல கத்திகளின் பிடிகள் இதைவிட மெலிந்தவை. இடுப்பில் தட்டையாகத் தொங்கவும் எடை குறையவும் வேண்டும் என்பதற்காக 15, 16 மி.மீ. தடிமனோடு செய்துவிடுகிறார்கள். அப்படி மெலிந்த பிடியைப் பற்றும்போது விரல்நுனிகள் உள்ளங்கையிலேயே முட்டிக்கொள்கின்றன. பிடி கைக்குள் சுழலாமல் இருக்கத் தேவைக்கு மேல் இறுக்க வேண்டியிருக்கிறது. முன்கை விரைவில் கடுக்கிறது. கத்தி சிறிதாக இருந்தால் களைப்பும் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். பிடியைப் பொறுத்தவரை நிலைமை அதற்கு நேர்மாறானது.

ஏன் நீள்வட்டம் என்பதும் சொல்லப்பட வேண்டும். முழு வட்டமான பிடி கைக்குள் உருளும். அலகின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டியிருக்கும். நீள்வட்டமோ முட்டையின் குறுக்குவெட்டோ, இருட்டிலும் கையுறைக்குள்ளும் வாயின் திசையை விரல்களுக்கு உணர்த்திவிடும். இரண்டு தட்டையான பலகைகளை இரும்பின் இருபுறமும் ஒட்டி, ஓரங்களை மட்டும் லேசாக உருட்டிய பிடிகளை இப்போது நிறையப் பார்க்கிறோம். அவை படத்தில் அழகாக இருக்கும். ஆனால் மூடிய கையின் உட்புறம் ஒரு குழிவு. தட்டையான பக்கம் அந்தக் குழிவைத் தொடுவதே இல்லை, நான்கு ஓரங்கள் மட்டுமே தோலில் பதிகின்றன. கை முழுவதும் பரவ வேண்டிய அழுத்தம் நான்கு மெல்லிய கோடுகளில் குவிகிறது. பச்சைக் கட்டையில் கொஞ்ச நேரம் விசையோடு சீவிவிட்டு உள்ளங்கையை விரித்துப் பார்த்தால், ஆள்காட்டி விரலின் அடிக்கணுவை ஒட்டியும் சுண்டுவிரலின் அடிமேட்டிலும் சிவந்த வரிகள் தெரியும். கொப்புளம் கிளம்பப்போகும் இடங்கள் அவைதான்.

குழிவை நிரப்புவதற்குப் பிடி நடுவில் பருத்து இருபுறமும் மெலிய வேண்டும். இதை மிக எளிமையாகச் செய்து காட்டியவர்கள் ஸ்வீடனின் மோரா வட்டாரத்துக் கத்திக்காரர்கள். அங்குள்ள ஓஸ்ட்னோர் சிற்றூரில் 1891இல், வட அமெரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பிய ஃப்ரோஸ்ட் எரிக் எர்சோன் என்பவர், மரம் ஏற்றும் பனிச்சறுக்கு வண்டிகள் செய்யும் பட்டறையைத் தொடங்கினார்; அந்த வேலைக்கு வேண்டிய கத்திகளையும் அங்கேயே செய்தார். இன்றைய மோராக்னிவ் நிறுவனத்தின் வேர் அதுதான். அவர்களுடைய பழைய பாணிக் கத்தியின் பிடி, சிவப்புச் சாயம் பூசிய பிர்ச் மரத்தாலான ஒரு சிறு பீப்பாய் வடிவம். பள்ளமில்லை, கை அலகில் ஏறாமல் தடுக்கும் கைக்காப்பு இல்லை, பக்கங்களுக்குள் பெரிய வேறுபாடும் இல்லை. கடையில் அதை எடுத்துப் பார்க்கிறவருக்கு ஒன்றும் தோன்றாது. அதை வைத்து ஒரு மாலைப்பொழுது முழுக்கச் செதுக்கியவருக்கு மட்டுமே, எந்தப் பக்கம் திருப்பினாலும் அது ஒரே மாதிரி அமர்கிறது என்பது புரியும். பிளாஸ்டிக்கும் ரப்பரும் சேர்ந்த பிடியோடு வரும் அவர்களுடைய கம்பேனியன் என்ற மலிவான கத்தியும், முன்புறத்தில் விரலுக்கு ஒரு சிறு மேட்டைச் சேர்த்திருப்பதைத் தவிர, ஏறக்குறைய இதே வடிவத்தைத்தான் பின்பற்றுகிறது. வெளிவேலைக்கு முதல் கத்தி எது வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் பெயர் அது.

பின்லாந்தின் பூக்கோ கத்தியும் இதே வழிதான். அதிலும் மரபாகக் கைக்காப்பு கிடையாது. பலருக்கு இது அச்சம் தருகிறது; கை வழுக்கி அலகில் ஏறிவிடாதா என்று கேட்கிறார்கள். குத்தும் வேலைக்கு அந்த அச்சம் நியாயமானதே. சிறுவர்களுக்கான கத்திகளில் விரல்காப்பு வைப்பதும் சரியானதே. செதுக்கும் வேலையில் விசை முழுவதும் பிடியை ஒட்டிய முதல் இரண்டு அங்குல வாயில்தான் பயன்படுகிறது. கைக்காப்பு இருந்தால் கை பின்னுக்குத் தள்ளப்படுகிறது, வாய்க்கும் கைக்கும் இடையே தூரம் கூடுகிறது, அதே வெட்டுக்கு மணிக்கட்டு கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. மேற்புறமும் நீண்டிருக்கும் கைக்காப்பு என்றால், கட்டைவிரலை அலகின் முதுகில் ஊன்றவே முடியாது.

பிடியின் பின்முனையைப் பற்றி மிகக் குறைவாகவே பேசப்படுகிறது. எல்லா நீளக்குறைபாடும் அங்கேதான் வலியாக வெளிப்படும். பிடி உள்ளங்கையின் அகலத்தைக் கடந்து வெளியே வர வேண்டும்; கைக்குள்ளேயே முடிந்துவிட்டால், தள்ளும் ஒவ்வொரு முறையும் அதன் முனை உள்ளங்கையின் நடுவில் அழுந்தும். எலும்பின் காப்பு இல்லாமல் நரம்புகளும் இரத்தக்குழாய்களும் தோலுக்கு அடியிலேயே ஓடும் இடம் அது. தொடர்ந்து அழுந்தினால் விரல்கள் மரத்துப்போகும். பொதுவாக 4 முதல் 6 அங்குலம் என்பது நயோஷ் சொல்லும் நீளம். நீளம் போதுமானதாக இருந்தாலும் பின்முனை சதுரமாக வெட்டப்பட்டிருந்தால் பயனில்லை. அலகின் நுனியால் துளை குடையும்போது உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்துவோம். அதற்கு உருண்ட முனையே ஏற்றது.

அலகின் முதுகில் கட்டைவிரல் வழுக்காமலிருக்க வெட்டப்படும் பற்களையும், தீப்பொறி எழுப்பும் உலோகக் கோலான நெருப்புக்கோலை உரசுவதற்காகக் கூர்மையாகவே விடப்படும் முதுகு விளிம்பையும் நான் விரும்புவதில்லை. இரண்டும் கட்டைவிரலின் தோலைத் தின்றுவிடும். நெருப்புக்கு விளிம்பு வேண்டுமென்றால் நுனிப்பக்கம் 3 செ.மீ. விட்டுவிட்டு, பிடியை ஒட்டிய பகுதியை அரத்தால் உருட்டிக்கொள்ளலாம்.

இனி எதனால் செய்வது என்ற கேள்வி. மரத்தின் மீது எனக்கு இருக்கும் பற்றுக்கு முதற்காரணம் வெப்பம். துருவேறா எஃகு, மரத்தைவிட ஏறக்குறைய நூறு மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துகிறது. கார்பன் எஃகு அதைவிடவும் கூடுதல். பிடியின் ஓரம் முழுவதும் இரும்பு தெரியும்படி செய்த கத்தியை உறைபனியில் வெறுங்கையால் பிடித்தால் அந்த இரும்பு கையின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பாறைமேல் வெயிலில் கிடந்த அதே கத்தியை நண்பகலில் எடுத்தால் சுட்டுவிடும். பூக்கோவில் இரும்பின் வால், அதாவது அலகிலிருந்து பிடிக்குள் நீளும் பகுதி, மரத்துக்குள் முழுக்க மறைந்திருப்பதற்குக் குளிர்நாட்டின் இந்தத் தேவையும் ஒரு காரணம். பிர்ச் மரப்பட்டையைத் துண்டு துண்டாக அடுக்கி அழுத்திச் செய்யும் பிடிகள் அங்கே இன்னும் சிறப்பானவையாகக் கருதப்படுகின்றன. ஈரக் கையிலும் அவை வழுக்குவதில்லை, தொடும்போதே வெதுவெதுப்பாக இருக்கின்றன.

மரத்துக்குக் குறையும் உண்டு. வறண்ட காலத்தில் மரம் சுருங்கும், இரும்பு சுருங்காது. இருபுறமும் பலகை ஒட்டிய பிடியில், கோடை முற்றியபின் நகத்தை ஓரத்தில் ஓட்டிப் பார்த்தால், மரத்துக்கு மேலே இரும்பு ஒரு மெல்லிய வரப்பாக எழும்பி நிற்பது தெரியும். அளவில் அது ஒன்றுமில்லைதான், ஆனால் கைக்கு அது கத்தியின் இன்னொரு வாய். துணியையோ தாளையோ பிசினில் தோய்த்து அழுத்திச் செய்யும் மைக்கார்டா இந்தத் தொல்லை தருவதில்லை. மெருகேற்றாமல் விட்ட கித்தான் மைக்கார்டா, ஈரமானால் பிடிமானம் கூடும் அரிய குணமுடையது. மென்ரப்பர் மழையில் மிகப் பாதுகாப்பானது. எனினும் நீண்ட வேலைக்கு அது தோலைத் தன்னோடு ஒட்டிப் பிடித்து இழுக்கிறது. கொப்புளம் எழுவது அழுத்தத்தால் மட்டுமன்று, தோலின் மேலடுக்கு இப்படி இழுபடுவதாலும்தான். டீட் என்ற வேதிப்பொருள் கலந்த கொசுவிரட்டி சில பிளாஸ்டிக்குகளையும் செயற்கை ரப்பரையும் இளக்கிவிடும் என்பதால், அதைத் தடவிய கையோடு இத்தகைய பிடியைத் தொடாமலிருப்பது நல்லது. எல்லாவற்றிலும் எனக்கு ஒவ்வாதது, கண்ணாடிபோல் பளபளக்க வார்னிஷ் அடித்த மரம். வியர்வை பட்டதும் வழுக்குவதால் கை தானாகவே இறுக்கத் தொடங்கிவிடும்.

வெட்டி வீழ்த்தும் கத்திகளுக்கு மேற்சொன்ன பீப்பாய் வடிவம் போதாது. ஓங்கி வீசும் கத்தி கையைவிட்டு வெளியே பறக்கப் பார்க்கும்; அதை இறுக்கித் தடுத்தால் அதிர்வு முழுவதும் முழங்கைவரை ஏறும். பிடியின் பின்முனை அகன்று சுண்டுவிரலுக்கு ஒரு கொக்கிபோல் நின்றால், இறுக்காமலே கத்தி கையில் தங்கும். வட ஐரோப்பாவின் பழங்குடியினரான சாமி மக்களின் லெயுக்கு கத்தியில் பின்முனை அகன்றிருப்பதும், நேபாளத்துக் குக்குரியின் பிடி அடியில் விரிவதும் இதற்காகவே. குக்குரியின் பிடி நடுவில் ஓடும் வளைய வரப்பு மட்டும் என் விரல்களுக்கு இடையே உறுத்துகிறது. சிறிய கைக்காரர்களுக்கு அது பொருந்தலாம். நம்மூர் வெட்டரிவாளும் இதே தேவைக்குப் பிறந்ததுதான். என் வீட்டு அரிவாளின் பிடி, பூண் இருக்கும் இடத்தில் மெலிந்து பின்னால் போகப் போகப் பருத்துக் குமிழாக முடிகிறது. ஓங்கும்போது கை தானே பின்னுக்கு நகர்ந்து அந்தக் குமிழில் தங்குகிறது, சுள்ளி கழிக்கும்போது முன்னே வந்து பூணை ஒட்டி நிற்கிறது.

அந்த அரிவாளுக்குப் பிடி போட்டுத் தந்த ஆசாரி, நான் வாங்கி வைத்திருந்த விலையுயர்ந்த ஒரு கத்தியையும் கையில் எடுத்துப் பார்த்தார். அலகைப் பார்க்கவே இல்லை. பிடியைத் தளர்வாகப் பற்றி, கைக்குள்ளேயே மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு, "மூலை இருக்குதுங்க தம்பி, கை காட்டிக்கொடுக்குது பாருங்க" என்று கட்டைவிரலால் இரண்டு இடங்களைத் தொட்டுக் காட்டினார். கண்ணுக்குத் தட்டுப்படாத அந்த இரண்டு இடங்களையும் அவர் அரத்தால் நாலைந்து இழுப்பு இழுத்து, உப்புத்தாளால் உருட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து எந்தக் கத்தியைச் சோதித்தாலும் நான் செய்வது இதைத்தான்: இறுக்காமல், தளர்வாகப் பற்றிச் சுற்றிப் பார்ப்பது. இறுகப் பிடித்த கைக்கு எல்லாப் பிடியும் உறுதியாகவே தெரியும்; தளர்ந்த கைதான் மூலையை உணரும்.

பிடியை நாமே திருத்திக்கொள்வதற்குத் தயங்க வேண்டியதில்லை. மரப்பிடியில் இருக்கும் சாயத்தையோ வார்னிஷையோ கண்ணாடித்துண்டின் விளிம்பால் சுரண்டி எடுத்து, வேலை செய்தபின் உள்ளங்கை சிவக்கும் இடத்துக்கு நேரே உள்ள மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, மறுபடியும் செதுக்கிப் பார்த்து, மறுபடியும் தேய்க்க வேண்டும். முதலில் 120, பிறகு 240 எண் உப்புத்தாள் போதும். அதற்கு மேல் மெருகேற்றினால் வழுக்கும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி ஊறவிட்டு, எஞ்சியதைத் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது, அது தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவைக்கவோ தண்ணீரில் நனைத்துவிடவோ வேண்டும். மைக்கார்டாவைத் தேய்க்கும்போது அதன் தூள் மூக்கில் ஏறாமல் முகக்கவசம் அவசியம்.

கையில் எடுத்துப் பார்க்காமல் இணையத்தில் வாங்குகிறவர்கள் விற்பவரிடம் மூன்று அளவுகளைக் கேட்கலாம்: பிடியின் நீளம், நடுவில் அதன் தடிமன், நடுவில் அதன் உயரம். உங்கள் உள்ளங்கையின் அகலத்தைக் கட்டைவிரலை விட்டுவிட்டு அளந்து, அதைவிட ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் நீண்ட பிடியைத் தேடுங்கள். தடிமன் 20 மி.மீ.க்குக் கீழே என்றால் நீண்ட வேலைக்கு அது உதவாது. சுற்றளவைச் சோதிக்க, ஒரு தாளை அந்தச் சுற்றளவுக்குக் குழாயாகச் சுருட்டி, கொஞ்சம் அமுக்கி நீள்வட்டமாக்கி, பசைத்தாள் ஒட்டிப் பற்றிப் பாருங்கள். நடுவிரல் நுனி கட்டைவிரலின் அடிச்சதையைத் தொடும் தொடாமலும் நின்றால் அளவு சரி, சதைக்குள் புதைந்தால் மெலிது, ஒரு விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் பருமன். குளிர்ப்பகுதியில் கையுறையோடு வேலை செய்கிறவர்கள் இந்தச் சோதனையைக் கையுறை போட்டுக்கொண்டே செய்ய வேண்டும். அவர்களுக்கு ஒருபடி மெலிந்த பிடியே சரியாக வரும்.